பேஸ் ஆள் ஊரை விட்டுப் போன பிறகு: ஆக்டேவ் பெடல் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, கிட்டார் ஒலியை ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழோ மேலோ கொண்டுபோகிற, காலால் மிதிக்கிற பெட்டியான ஆக்டேவ் பெடலைச் சுற்றியே இருக்கின்றன. சுங்கை சிப்புட்டில் ஆம்ப் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு இது புதிது. போன வருடம் வரை எல்லோரும் ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பற்றித்தான் கேட்டார்கள். காரணம் முதல் கடிதத்திலேயே இருக்கிறது.

கேள்வி: அண்ணே, எங்கள் குழுவில் கிட்டார் நான். கீபோர்டு ஒருவர், உருமி இருவர், தப்பு மூவர். பேஸ் வாசித்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வாசிக்க வேண்டும். ஆக்டேவ் பெடல் வாங்கினால் பேஸ் சத்தம் வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? எது வாங்கலாம்? கையில் 400 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது.
– ஒரு வாசகர், லிந்தாங்

பதில்: பாதி உண்மை, தம்பி. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு காசை எடுங்கள்.

தப்படிக்கிறவரிடம் ஓர் அடி விட்டு ஓர் அடி அடிக்கச் சொல்லுங்கள். வேகம் பாதியாகிவிடும். ஆக்டேவ் பெடல் செய்வதும் இதுதான். கிட்டாரில் இருப்பதிலேயே தடித்த ஆறாவது கம்பியை ஓப்பனாக, எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு 82 தடவை அதிர்கிறது. பெடலுக்குள் இருக்கிற சர்க்யூட் ஒன்று விட்டு ஒன்று எண்ணி அதை 41 ஆக்குகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஓப்பனில் கொடுக்கிற ஸ்வரம் அதுவே. சரியாக ஒரு ஸ்தாயி கீழே. இன்னொரு முறை பாதியாக்கினால் 20 சொச்சம். மனிதக் காது கேட்கிற எல்லையே ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. ஆகவே இரண்டு ஸ்தாயி கீழே போகிற குமிழை முறுக்கி மகிழ வேண்டாம். மெல்லிய கம்பிகளில் வாசித்தால்தான் அதற்கு வேலை.

எண்ணுகிற ஆள் ஒருவர்தான் என்பதை மறக்காதீர்கள். இரண்டு தப்பு சேர்ந்து வேறு வேறு தாளத்தில் அடித்தால் அவருக்கு எண்ணிக்கை தவறிப்போகும். பழைய அனலாக் பெடல்களுக்கும் அதே கதிதான். 1982-இல் வந்த, பாஸ் (Boss) கம்பெனியின் ஓசி-2 இந்த வகை. ஒற்றை ஸ்வரமாக வாசித்தால் தேன். இரண்டு கம்பி சேர்ந்து ஒலித்தால், வான்கோழி தொண்டை அடைத்துக் கத்துவது போல் ஒரு சத்தம் வரும். கிட்டாரின் தடித்த கம்பியில் ஓர் அதிர்வு முடியவே 12 மில்லிசெகண்ட் ஆகிறது. அது முடியாமல் பெடலால் எண்ணவும் முடியாது. கீழ் ஸ்வரங்களில் அது திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னிடம் இருப்பது ஓசி-2தான். ஈப்போவில் ஓட்டல் லவுஞ்சில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் 120 வெள்ளிக்கு வாங்கினேன். அதை முதன்முதலாக எடுத்துப் போனது ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்கு. மூன்று குமிழையும் முழுக்கத் திறந்து, 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த கிட்டார் ஆம்பில் செருகினேன். பேஸ் வரவில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கோன் மட்டும் பட்பட் என்று துடித்தது. அதற்கு மேலே, மண்டபத்துத் தகரக் கூரையில் ஆணி கழன்ற ஒரு தகடு கூடவே பாட ஆரம்பித்தது. வெளியே லோரி இன்ஜினை அணைக்காமல் நிற்கிறதா என்று பெண்ணின் மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் ஆம்பைத் திறந்தால் கோன் விளிம்பு கிழிந்திருந்தது. நான் பழுது பார்க்கிற தொழிலுக்கு வந்ததே அந்தக் கோனை ஒட்டப் பழகித்தான்.

பெடல் மேல் தப்பில்லை. கிட்டார் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. செலஸ்டியன் கிரீன்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கம்பெனி கொடுத்திருக்கிற வரம்பே 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வு) வரைதான். அதில் 41 எங்கே கேட்கும்? அதனால் பெடல் கடைக்குப் போவதற்கு முன்னால், திருவிழாவுக்கு சவுண்ட் சிஸ்டம் போடுகிறவரைப் பாருங்கள். சப்வூஃபர் (அடித்தட்டு ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கொண்டுவருவாரா, மிக்சரில் உங்களுக்கு ஒரு சேனல் மிச்சம் இருக்குமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் மேற்கொண்டு பேசலாம். இல்லை என்றால் 400 வெள்ளி பத்திரமாகப் பையிலேயே இருக்கட்டும்.

ஆமாம் என்றார் என்று வைத்துக்கொள்வோம். திருவிழாப் பாட்டுக்கு நீங்கள் பல கம்பிகளைச் சேர்த்து கார்டுதான் அதிகம் அடிப்பீர்கள். அப்படியானால் அனலாக் வேண்டாம். பல கம்பிகளை ஒரே நேரத்தில் பிரித்தறிகிற டிஜிட்டல் வகை வேண்டும். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் போக் 2005-இல் இதற்குப் பேர் வாங்கியது. அதன் குட்டி நானோ போக். நேரடி ஒலி, கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்று மூன்றே குமிழ்கள். அதில் எனக்குப் பிடித்தது, ஒலி வெளியே போகிற இரண்டு வழிகள். நேரடி ஒலி ஒரு ஓட்டையில், பெடல் சேர்த்த ஒலி இன்னொன்றில். நேரடி ஒலிக் குமிழையும் மேல் ஸ்தாயிக் குமிழையும் பூஜ்யத்தில் வைத்தால் இரண்டாவது ஓட்டையில் வெறும் கீழ் ஸ்தாயி மட்டும் வரும். முதலாவதை உங்கள் ஆம்புக்கும் இரண்டாவதை மிக்சருக்கும் கொடுங்கள். கோனும் பிழைக்கும், பேஸும் கேட்கும்.

இன்னொன்று பாஸ் ஓசி-5, 2020-இல் வந்தது. ஒரு பக்கம் பழைய ஓசி-2 குரல், சுவிட்சைத் தள்ளினால் பல கம்பிக் குரல். அந்தப் பல கம்பிக் குரலில், கார்டின் கீழ் ஸ்வரங்களுக்கு மட்டும் ஆக்டேவ் சேரும்படி எல்லை வைக்கலாம். பேஸ் ஆள் இல்லாத குழுவுக்கு அது பெரிய வசதி. ஆறு கம்பிக்கும் கீழ் ஸ்தாயி சேர்ந்தால் குழைந்த சோறு மாதிரி ஆகிவிடும். இதற்கு முந்தைய ஓசி-3-இலும் இந்த எல்லை வைக்கிற வேலை உண்டு. புதிதாக எடுக்கக் காசு போதாவிட்டால் பழைய ஓசி-3 ஒன்றைத் தேடிப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் வாங்குவேன். கடையில் டிசி எலக்ட்ரானிக் சப்-என்-அப்பும் காட்டுவார்கள். அதுவும் நல்ல சாமான், மறுக்க மாட்டேன்.

அப்புறம் உருமி. வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருகிற அந்த முனகல் இருக்கிறதே, அதுவும் அடித்தட்டு ஒலிதான். உங்கள் கீழ் ஸ்தாயி அதன் மேல் போய் உட்கார்ந்தால் இரண்டும் கெடும். உருமிக்காரர்கள் முன்னால் வருகிற இடங்களில் பெடலை மிதித்து அணைத்துவிடுங்கள். சாமி வருகிற நேரத்தில் கிட்டார்க்காரன் பேஸ் காட்டினால் தோட்டத்துப் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் குழுவில்தான் கீபோர்டு இருக்கிறதே, அவர் இடது கை என்ன செய்கிறது? பல கீபோர்டுகளில் கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடது பக்கத்துக்கு பேஸ் குரல் வைக்கலாம். ஒரு காசு செலவில்லை. இந்த வாரமே இரண்டு பாட்டுக்கு அப்படி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒத்துவந்தால் 400 வெள்ளிக்கு நல்ல கேபிளும் கம்பிகளும் வாங்கலாம். இரண்டு கையாலும் மெலடி வாசித்தே தீருவேன் என்று அவர் அடம்பிடித்தால் பெடலுக்கு வாருங்கள்.

கேள்வி: ஆக்டேவ் என்று சொல்லி பழைய பெடல் ஒன்றை விற்றார்கள். கார்டு அடித்தால் உடைந்த ரேடியோ மாதிரி கேட்கிறது. கீழ் ஸ்தாயியே வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், கோலகங்சார்

பதில்: ஏமாற்று இல்லை, பெயர்க் குழப்பம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது மேல் ஸ்தாயி ஃபஸ், அதாவது கரகரப்போடு ஸ்தாயியை மேலே ஏற்றுகிற பெடல். 1967 வாக்கில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்காக ரோஜர் மேயர் செய்து கொடுத்த ஆக்டேவியாவின் வம்சம். ஒலி அலையை ஒரு தாளில் வரைந்து, நடுக்கோட்டில் தாளை மடியுங்கள். கீழே இருந்த பள்ளம் மேலே வந்து மேடாகிவிடும். ஒரு மேடு இருந்த இடத்தில் இரண்டு. அதனால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே ஏறுகிறது, கூடவே கரகரப்பும் ஏறுகிறது. கார்டு அடித்தால் கம்பிகள் ஒன்றோடு ஒன்று மோதி ரேடியோ உடைந்த மாதிரித்தான் கேட்கும்.

அதை வாசிக்கிற முறை வேறு. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைப் போடுங்கள். கிட்டாரில் இருக்கிற டோன் குமிழை முழுக்கக் குறையுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே போய், இரண்டாவது அல்லது மூன்றாவது கம்பியில் ஒரே ஒரு ஸ்வரம். மற்றக் கம்பிகளை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கிக்கொள்ளுங்கள். சட்டென்று உள்ளிருந்து ஒரு விசில் கிளம்பும். அது கேட்டுவிட்டால் பெடல் நல்ல நிலையில் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடுங்கள். தேடுகிற ஆட்கள் உண்டு.

கேள்வி: என் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். டிஸ்டார்ஷன், எதிரொலி தருகிற டிலே, ‘வா-வா’ பெடல் எல்லாம் வைத்திருக்கிறான். இப்போது ஆக்டேவ் வேண்டும் என்கிறான். இருக்கிறவற்றோடு இது ஒத்துப்போகுமா, எங்கே வைப்பது? எனக்கு இதெல்லாம் புரியாது, பக்கத்து வீட்டுப் பையன் கேட்கச் சொன்னான்.
– ஓர் ஆசிரியை, பீடோர்

பதில்: ஒத்துப்போகும், டீச்சர். கீழ் ஸ்தாயி பெடலைக் கிட்டாருக்கு அடுத்து முதலாவதாக வைக்கச் சொல்லுங்கள். டியூனர் இருந்தால் அதற்கு அடுத்து. எண்ணுகிற பெடலுக்குச் சுத்தமான ஒலி வேண்டும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் குழம்பும். டிலே எப்போதும் கடைசி. கோலகங்சார்க்காரர் வைத்திருக்கிற ஃபஸ் வகைக்கு இந்த விதி பொருந்தாது. அதைச் சாதாரண ஃபஸுக்குப் பின்னால் வைத்தால் நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கேள்வி: டிஜிட்டல் ஆக்டேவ் பெடல் சேர்த்த நாளிலிருந்து ‘ங்ஙீ’ என்று ஒரு சத்தம். ஒரே அடாப்டரில்தான் ஐந்து பெடலும் ஓடுகின்றன.
– வாசகர், தாப்பா

பதில்: பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். டிஜிட்டல் பெடலை மட்டும் பிரித்துத் தனி அடாப்டரில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால், ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்க வேண்டியதுதான். அடாப்டர் 9 வோல்ட்டா, நடுமுனை நெகட்டிவா, பெடல் கேட்கிற மில்லிஆம்பியர் இருக்கிறதா என்று மூன்றையும் படித்துவிட்டுச் செருகுங்கள். கீபோர்டு அடாப்டர் துளையில் பொருந்துகிறது என்பதற்காகச் செருகி, முனை மாறிக் கருகிய பெடல்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. சிலவற்றை மீட்டேன், சிலவற்றைக் குப்பையில்தான் போட்டேன்.

கேள்வி: நாங்கள் வாசித்த காலத்தில் பெடலும் இல்லை, ஒன்றும் இல்லை. விரலாலேயே ஆக்டேவ் வாசிக்க முடியாதா?
– ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: முடியும் ஐயா. வெஸ் மான்ட்கோமரி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் பிக் இல்லாமல் கட்டைவிரலாலேயே அப்படி வாசித்துப் பேர் வாங்கினார். ஆள்காட்டி விரலை ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் வையுங்கள். மோதிர விரலை நான்காவது கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டில் வையுங்கள். இரண்டும் ஜி, ஒரு ஸ்தாயி வித்தியாசம். நடுவில் இருக்கிற ஐந்தாவது கம்பி ஒலிக்கக் கூடாது. ஆள்காட்டி விரலின் சதை லேசாகப் படும்படி சாய்த்தால் அது அடங்கிவிடும். மெல்லிய மூன்று கம்பிகளில் அந்த விரலின் கீழ்ப்பகுதி சும்மா படுத்திருக்கட்டும். இப்போது கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கையின் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே மேலும் கீழும் நகர்த்தினால் மெலடி வரும்.

முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கும். சனிக்கிழமை கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். உங்கள் பழைய கிட்டாரையும் கொண்டுவாருங்கள். கம்பி உயரம் அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.