பைபிளின் பழைய சட்டங்களுக்கு இன்று என்ன பொருள்?

உபாகமம் 22:8-ஐ எடுத்துக்கொள்வோம். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. அதாவது, உங்கள் இடத்தில் இருக்கும் ஆபத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இப்படி ஒரு சட்டம் ஏன் வந்தது? பழைய இஸ்ரவேலில் கூரை தட்டையாக இருக்கும். ஆளி விதைத் தட்டைகளை அங்கேதான் பரப்பி வைப்பார்கள், விருந்தாளியைக்கூட அங்கே படுக்க வைப்பார்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடப்பவருக்கு விளிம்பு தெரியாது.

யூத மத ஆசிரியர்களின் பழைய விவாதங்களைத் தொகுத்த நூலான தல்மூதில், ரபி (மத ஆசிரியர்) நாத்தான் இதே வசனத்திலிருந்து, கடிக்கிற நாயையும் ஆடுகிற ஏணியையும் வீட்டில் வைக்காதே என்று சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சுவரைத் தாண்டி, சுவர் எதற்கு என்பதை அவர் பிடித்துவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் முற்றத்துக் கிணற்றையும் இதில் சேர்த்து, சுவரோ மூடியோ போடச் சொன்னார்.

குழந்தை திறக்க முடியாதபடி மருந்து பாட்டிலுக்கு மூடி போடுகிறார்களே, அதே மாதிரிதான். எந்தக் குழந்தை கையில் எடுக்கும் என்று தெரியாது. தெரியாததால்தான் முன்கூட்டியே அந்த மூடி.

சரி, இது வசனத்தை நம் வசதிக்கு வளைப்பது ஆகாதா என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. சட்டத்தின் காரணத்தை அந்த வசனமே சொல்லிவிடுகிறது, அந்தக் காரணம் ஆடுகிற ஏணிக்கும் பொருந்துகிறது.