முடி நடவு இப்போதே வேண்டாம்

26 வயதில் தலை முழுக்க முடி மெலிகிறது, உடனே நடவு செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். வழுக்கையான இடத்தில் நடுவது வேறு. உங்களுக்கு அங்கே சொந்த முடி இன்னும் இருக்கிறது. அதற்கு நடுவே துளையிட்டால், ஏற்கெனவே வலுவிழந்த முடிகள் அதிர்ச்சியில் உதிரக்கூடும். சில திரும்ப முளைக்காது.

முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு பார்த்துவிடுங்கள். பரம்பரை வழுக்கைதான் என்றால், அவர் தரும் மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்தை ஓராண்டு விடாமல் எடுங்கள். மினாக்ஸிடில் தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு கூடலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், நடுவதற்கான முடியைப் பின்தலையிலிருந்துதான் எடுப்பார்கள், அதனால் அதையும் டெர்மாஸ்கோப்பில் (தோலையும் முடியையும் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் மெலிந்திருந்தால் நடவே வேண்டாம், எடுத்து நடும் முடியும் நிலைக்காது. பின்தலை நன்றாக இருந்து, உதிர்வும் நின்று, அதன்பிறகும் இடைவெளி தெரிந்தால் சரி, நடலாம். நட்ட பிறகும் மருந்து தொடர வேண்டியிருக்கும்.