சாவி பீரோவுக்குள் இருந்தால்?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் அட்மின் கணக்கு இரண்டே பேரிடம். ஓடிபியும் அவரவர் போனுக்குத்தான் வரும். இது போதுமான பாதுகாப்புதானே?
– வாசகர், மதுரை

பதில்: சாதாரண நாளில் போதும். ஒருவர் விமானத்தில் இருக்கிறார், இன்னொருவரின் போன் தொலைந்துவிட்டது என்றால் திருடனோடு சேர்த்து நீங்களும் வெளியேதான். இதற்காகத்தான் 'பிரேக் கிளாஸ்' கணக்கு. தீ அலாரத்தின் கண்ணாடியை உடைப்பதுபோல, வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுப்பது.

மைக்ரோசாஃப்ட் கிளவுடில் இருப்பவர்கள் இத்தகைய கணக்கு குறைந்தது இரண்டு வைத்திருக்க வேண்டும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. தனிநபர் பெயரில் வேண்டாம். உங்கள் ஆக்டிவ் டைரக்டரியோடு (அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பு) இணைக்காமல் கிளவுடிலேயே உருவாக்குங்கள். உள்ளூர் சர்வர் விழுந்தாலும் இது நிற்கும். எல்லா அதிகாரமும் உள்ள குளோபல் அட்மின் உரிமையை நிரந்தரமாகவே கொடுங்கள். ஒப்புதல் வாங்கிப் பெறும் தற்காலிக உரிமை இங்கே உதவாது, ஒப்புதல் தருபவரும் வெளியே மாட்டியிருக்கலாம். ஓடிபிக்குப் பதில், கணினியில் செருகி லாகின் செய்யும் ஃபிடோ2 யூஎஸ்பி சாவி. அதையும் இரண்டு கட்டடங்களில், தீ தாங்கும் பெட்டிகளில் வையுங்கள். யார், எந்த நிலையில் லாகின் செய்யலாம் என்று தீர்மானிக்கும் கண்டிஷனல் ஆக்சஸ் விதிகளிலிருந்து ஒரு கணக்கையாவது விலக்குங்கள். ஒரே ஒரு விதியைத் தப்பாக எழுதினால் போதும், அத்தனை அட்மின்களும் வாசலில் நிற்பார்கள்.

விலக்குப் பெற்ற கணக்கு திருடனுக்கும் பிடித்த கணக்கு. அதில் யார் லாகின் செய்தாலும் இரண்டு மூன்று பேருக்கு உடனே அலர்ட் போகட்டும். 90 நாளுக்கு ஒருமுறை நிஜமாகவே உள்ளே போய்ப் பாருங்கள். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் வேலையை விட்டால், அன்றைக்கே பெட்டியின் பூட்டு எண்ணை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளால் வந்த முடக்கத்தின்போது ஒரு கோப்பை அழித்தால் போதும் என்றார்களே, பிறகு ஏன் நாள்கணக்கில் இழுத்தது?
– வாசகி, சேலம்

பதில்: 2024 ஜூலை 19, இந்திய நேரம் காலை 9.39க்குப் பழுதான கோப்பு வெளியானது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன (மைக்ரோசாஃப்ட் கணக்கு). அழிக்க வேண்டியது 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பு, அவ்வளவுதான். ஆனால் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் பூட்டிய கணினியில் அந்தக் கோப்பைத் தொட 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும், அதுவும் கணினிக்கு ஒன்று. அந்தச் சாவிகளைச் சேமித்த சர்வரே முடங்கி நீலத்திரையில் நின்றால் என்ன செய்வது?

ஆகவே சாவிகளின் நகலை என்கிரிப்ட் செய்து, உங்கள் டொமைனோடு (அலுவலகக் கணினி வலையமைப்பு) தொடர்பே இல்லாத இடத்தில் வையுங்கள். போனில் படித்துச் சொல்லப் பயம் வேண்டாம்: 6 இலக்கம் வீதம் 8 தொகுதி, ஒவ்வொன்றும் 11ஆல் வகுபடும். பெரும்பாலான பிழைகள் அந்தத் தொகுதியிலேயே மாட்டிவிடும். வேலை முடிந்ததும் அந்தச் சாவியை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கிய நேரத்தில் எல்லா டெக்னீஷியனுக்கும் டொமைன் அட்மின், அதாவது எல்லாக் கணினிகளையும் ஆளும் உரிமை கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடவே கூடாது. தொற்றிய கணினியில் டொமைன் அட்மினாக லாகின் செய்தால், நினைவகத்தில் தங்கும் அந்த உரிமையைத் திருடிக்கொண்டு ரான்சம்வேர் அடுத்த கணினிக்குத் தாவும். 2017இல் நாட்பெட்யா வைரஸ் பரவிய வழிகளில் ஒன்று இதுதான். ஒவ்வொரு கணினிக்கும் தனி பாஸ்வேர்டு உள்ள லோக்கல் அட்மினைப் பயன்படுத்துங்கள். மைக்ரோசாஃப்டின் லேப்ஸ் என்ற கருவி அந்தப் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும்.