வனவாசமா, அஞ்ஞாதவாசமா?

கேள்வி: ஆங்கிலப் பாப் பாடகி கேட் புஷ் 12 ஆண்டுகள் வனவாசம் போய்விட்டு, 2005இல் 'ஏரியல்' என்ற இரட்டை ஆல்பத்தோடு திரும்பி வந்தார். ஆசையாகக் கேட்டால் ஒரு பாட்டில் வாஷிங் மெஷின் சுற்றுகிறது, இன்னொன்றில் கணக்குப் புத்தகத்து எண்களை வாசிக்கிறார். இதற்காகவா ரசிகர்கள் 12 ஆண்டு காத்துக் கிடந்தார்கள்? (வாசகர் ஒருவர், கோவில்பட்டி)

பதில்: 12 ஆண்டு என்ற உங்கள் கணக்கை வியாசரே ஒத்துக்கொள்வார். அவருடைய முந்தைய ஆல்பமான 'தி ரெட் ஷூஸ்' வெளிவந்தது 1993 நவம்பரில். 'ஏரியல்' வெளிவந்தது 2005 நவம்பர் 7 அன்று. பாண்டவர்கள் காட்டில் கழித்த காலமும் இதுவேதான். கணக்கில் குறையில்லை, நீங்கள் புரட்டிய பருவம்தான் தவறு. ஆரணிய பருவத்தை மூடி வைத்துவிட்டு விராட பருவத்தைத் திறந்து பாருங்கள்.

வனவாசம் என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஒரு சினிமா நிருபர் இருந்தார். இரண்டு தீபாவளிக்குப் படம் வராத நடிகர் யாராக இருந்தாலும் அவரை மூட்டை முடிச்சோடு காட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த நடிகர் வீட்டில் உட்கார்ந்து பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டிருப்பார். இவர் அவருக்கு மரவுரி உடுத்திக் கொண்டிருப்பார். 15 ஆண்டுகள் அந்தச் சொல்லை அடித்து அடித்து என் சிவப்பு மைதான் தீர்ந்தது. அவர் ஓய்வு பெற்ற நாளில் வாழ்த்து மடலில் "இனிய வனவாசம் அமையட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் என்பது வேறு கதை.

அஞ்ஞாதவாசம் என்பது வேறு வகை. அதில் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே, யாரும் கவனிக்காத வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பீமன் விராடனின் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தான், திரௌபதி அரசிக்குக் கூந்தல் முடித்தாள், அர்ச்சுனன் பிருகன்னளையாக உத்தரைக்கு ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொடுத்தான். 1978இல் தன் 19ஆம் வயதில், தானே எழுதிய பாடலோடு பிரிட்டனின் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் பெண் என்று பெயர் வாங்கிய கேட் புஷ், அந்த 12 ஆண்டுகளில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வீட்டில் இருந்தார். 1998இல் மகன் பிறந்தான். அதையும் பத்திரிகைகளுக்குச் சொல்லவில்லை. சக பாடகர் பீட்டர் கேப்ரியல் ஒரு பேட்டியில் வாய்தவறிச் சொன்ன பிறகுதான் லண்டன் செய்தித்தாள்களுக்கு விஷயம் தெரிந்தது. கீசகன் செத்த செய்தி அஸ்தினாபுரத்துக்கு எட்டியபோது துரியோதனனுக்கு எழுந்த பரபரப்பை அன்றைய ஆசிரியர் குழுக்களில் பார்த்திருக்கலாம்.

வேலை நின்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இந்த ஆல்பத்துக்கு வாத்தியக் குழு இசையை அமைத்துக் கொடுத்த மைக்கேல் கேமன் 2003 நவம்பரில் இறந்தார். அதாவது, ஆல்பம் கடைக்கு வருவதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே அவர் பங்கு முடிந்திருந்தது. கேட் புஷ் எண்பதுகளின் தொடக்கத்திலேயே பெற்றோரின் பண்ணை வீட்டருகே சொந்த ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டவர். வாடகைக் கூடத்தின் கடிகாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் போனதும், ஒரு பாட்டு முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் முழுக்க அவர் கைக்கு வந்துவிட்டது. அந்த அதிகாரத்தை அவர் அவசரமில்லாமல் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

திரும்பி வந்த குறும்பைப் பாருங்கள். ஆல்பத்திலிருந்து முதலில் வெளியிட்ட 'கிங் ஆஃப் தி மவுன்டன்' பாட்டு, எல்விஸ் பிரெஸ்லி சாகவே இல்லை, எங்கோ ஒளிந்து வாழ்கிறார் என்று சத்தியம் செய்கிறவர்களின் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அந்த எல்விஸ் பனிமலையில், 'சிட்டிசன் கேன்' படத்துச் சிறுவனின் சறுக்குப் பலகையோடு சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருப்பாரோ என்று கேட்கிறது. காணாமல்போனவர் என்று ஊர் பேசிய ஒருவர், வந்ததும் வராததுமாக, காணாமல்போன இன்னொருவரைப் பற்றி விசாரிக்கிறார். பிரிட்டனின் தரவரிசையில் பாட்டு 4ஆம் இடத்துக்கும் ஆல்பம் 3ஆம் இடத்துக்கும் போயின. காத்துக் கிடந்தவர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். அந்தப் பாட்டின் பெயரே 'பை'. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும், 3.14 என்று தொடங்கி முடிவே இல்லாமல் நீளும் எண் அது. பாட்டு, எண்களின் மேல் பித்துக்கொண்ட ஒரு சாதுவான மனிதனைப் பற்றியது. அவன் உயிராக நினைக்கும் அந்த எண்ணின் தசம இலக்கங்களை, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் குழைத்து 137ஆம் இடம் வரை பாடிக்கொண்டு போகிறார். ஏற்றம் இறைத்தவன் சால் கணக்கைப் பாட்டாகவே பாடிய ஊரில் பிறந்த நமக்கு இதில் திடுக்கிட என்ன இருக்கிறது?

முன்பு ஒருமுறை இதே பக்கத்தில் இந்தப் பாட்டைப் புகழ்ந்து நாலு வரி எழுதினேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், எங்கள் இதழின் அச்சுப்பிழைகளை மாதாமாதம் அஞ்சலட்டையில் அனுப்பி என் இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பவர், இந்த முறை உறையில் நான்கு பக்கக் கடிதமே அனுப்பிவிட்டார். அம்மையார் 78ஆம் இடத்துக்குப் பிறகு ஒரே தாவாகத் தாவி 101ஆம் இடத்துக்குப் போய்விட்டார் என்றும், நடுவில் 22 இலக்கங்கள் விடுபட்டுவிட்டன என்றும், அவை 99இல் தொடங்கி 79இல் முடிகின்றன என்றும், இதைத் திருத்தாமல் புகழ்ந்த ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் கண்டித்திருந்தார். கடைசிப் பக்கம் முழுக்க அந்த 22 இலக்கங்கள்தான், சிவப்பு மையில், கட்டத்துக்கு ஒன்றாக. நான் சரிபார்த்தேன்; வாத்தியார் சொன்னது சரி. மெய்ப்புத் திருத்துகிறவன் என்ற முறையில் எனக்கு வேதனை; ஆனால் ஒரு பாட்டை வரிக்கு வரி நிறுத்தி நிறுத்தி, காதில் இயர்போனும் கையில் பேனாவுமாக எத்தனை நாள் கேட்டிருந்தால் அந்தத் தாவல் பிடிபட்டிருக்கும் என்று யோசித்தபோது, கேட் புஷ் யாரைப் பற்றி அந்தப் பாட்டை எழுதினார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. வாத்தியாருக்கு அப்படியே பதில் எழுதினேன். அதன் பிறகு இரண்டு மாதம் அஞ்சலட்டை வரவில்லை.

பிழை திருத்தத் தெரியாதவரும் அல்லர் கேட் புஷ். ஆல்பத்தின் இரண்டாம் இசைவட்டில் ஒரு பகல் சாய்ந்து, இரவாகி, மறுநாள் விடிவது வரை ஒரே ஓட்டமாகப் போகும். அதில் ஓவியராகப் பேசிய ரால்ஃப் ஹாரிஸ் பின்னாளில் குற்றவாளி என்று தீர்ப்பானதும், 2018 மறுபதிப்பில் அந்தக் குரலை எடுத்துவிட்டு, வளர்ந்து ஆளாகிவிட்ட தன் மகனைப் பேச வைத்தார். அதே வட்டின் தொடக்கத்தில், பறவைகள் ஏதோ வார்த்தை பேசுவது போலிருக்கிறது என்று மழலையில் சொல்லும் குழந்தையும் அவன்தான். அந்த 22 இலக்கங்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

கடைசியாக உங்கள் வாஷிங் மெஷின். 'மிஸஸ் பார்ட்டலோட்சி' என்ற அந்தப் பாட்டில் பியானோவும் குரலும் தவிர எதுவும் கிடையாது. சேற்றுக் காலோடு யாரோ வீடெல்லாம் நடந்துவிட்டுப் போன தரையை ஒருத்தி தேய்த்துக் கழுவுகிறாள், அழுக்குத் துணிகளை இயந்திரத்தில் போடுகிறாள், கண்ணாடிக்கு அப்பால் அவை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவள் ரவிக்கை அவன் கால்சட்டையைச் சுற்றிக்கொள்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரைத் தண்ணீர் கடலாகி அவள் காலடியில் அலையடிக்கிறது. பிறகு கொடியில் காயும் சட்டை காற்றில் கையசைக்கிறது. அந்தச் சட்டைக்காரன் உயிரோடு இருக்கிறானா, போய்விட்டானா என்பதைப் பாட்டு எந்த இடத்திலும் சொல்வதில்லை. பாடுகிறவர் "வாஷிங் மெஷின்" என்று திரும்பத் திரும்ப அழைப்பதைக் கேட்டு முதல் தடவை நானும் சிரித்தேன். மூன்றாம் தடவை சிரிக்க முடியவில்லை. ஒரு மெஷின் முன்னால் அத்தனை நேரம் நிற்காத யாருக்கும் இந்தப் பாட்டை எழுத வந்திருக்காது. அந்த 12 ஆண்டில் ஒரு பங்கு எங்கே போனது என்ற கேள்விக்கு விடையும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த கடிதம் எழுதும்போது, உங்கள் வீட்டில் துணி துவைப்பது யார் என்பதையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.