அடிக்கடி என்றால் எத்தனை தடவை?

கேள்வி: 'ஆயிரம் மைல் பயணமும் ஓர் அடியில்தான் தொடங்குகிறது' என்ற கன்பூசியஸை இன்றைய சீனர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்கிறார்களா? பெற்றோரைப் பேணச் சொன்னாரே, அது அங்கே இன்னும் உண்டா?

பதில்: 'அடிக்கடி' என்று எழுதினீர்களே, சீனச் சட்டம் வழுக்கி விழுந்த சொல் அதுதான். அவர்களுடைய முதியோர் உரிமைச் சட்டத்தின் திருத்தம் 2013 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. பெற்றோரைப் பிரிந்து வாழ்கிறவர்கள் அவர்களை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நலமாவது விசாரிக்க வேண்டும் என்கிறது 18-ஆம் பிரிவு. எத்தனை தடவை? எழுதவில்லை. போகாவிட்டால் என்ன தண்டனை? அதுவும் இல்லை. தமிழில் பிரித்தால் 'அடிக்கு அடி' என்று ஏதோ ஓர் அளவாவது தேறும். சீனத்தில் 'ஜிங்சாங்' என்று இரண்டே எழுத்து.

அமலான அன்றே வூஷி நகர நீதிமன்றத்தில் 77 வயதுத் தாயின் வழக்கு. மகள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும், பெரிய பண்டிகைகளில் இரண்டுக்காவது தலைகாட்ட வேண்டும் என்று தீர்ப்பு.

சரி, ஆபீஸில் லீவு? 'அரசு விதிப்படி' கொடு என்கிறது அதே பிரிவு. அந்த விதி 1981-இல் போட்டது. ஒரு வருடம் வேலை பார்த்த அரசு ஊழியர், கல்யாணம் ஆகாதவர் என்றால், வெளியூர்ப் பெற்றோரைப் பார்க்க ஆண்டுக்கு 20 நாள். ஆனவருக்கும் 20 நாள்தான், ஆனால் நாலு வருடத்துக்கு ஒரு தடவை! தனியார் கம்பெனித் தொழிலாளி இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நகரத்துக்கே அழைத்து வந்துவிடலாமே என்பீர்கள். குறுக்கே 'ஹுகோவ்' என்ற குடும்பப் பதிவு நிற்கிறது. கிராமத்து முதியவரின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பதிவான ஊரோடு கட்டியது. வெளியூர் ஆஸ்பத்திரி பில்லில் திரும்பக் கிடைப்பது குறைவு. கிராமத்துப் பென்ஷனும் சொற்பம். செலவைப் பிள்ளைகள் தலையில் கட்ட கன்பூசியஸ் வசதியான ஆள். 1974-இல் அவரைத் திட்டி நாடு முழுக்க இயக்கம் நடத்திய அதே கம்யூனிஸ்ட் கட்சிதான் இப்போது அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது.

அவரோ தடவைக் கணக்கே போடவில்லை. பெற்றோர் பேணல் பற்றி ஸிசியா என்ற சீடர் கேட்டபோது, ஒத்தாசை செய்வதும் சோறு போடுவதும் பெரிதில்லை, முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொள்வதுதான் சிரமம் என்றார். கோர்ட் அமீனா போனால் மகளின் காலை வாசல்வரை கொண்டுவரலாம். முகத்தை?

அப்புறம், அந்த ஆயிரம் மைல். அது தாவோ ஞானி லாவோட்சுவின் பெயரில் வழங்குவது. மைலும் இல்லை, 'லி'. இன்றைய கணக்கில் இரண்டு லி ஒரு கிலோமீட்டர். இந்தத் திருத்தத்தை இதே பக்கத்தில் அடிக்கடி போட்டாகிவிட்டது. எத்தனை தடவை என்று வூஷி நீதிமன்றத்தைக் கேளுங்கள்.