கைதட்டி ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,
கோடையில் இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். அங்கே கீ கோம்பா என்ற பௌத்த மடத்தில் எட்டு வயதுப் பிள்ளைகள் காவி உடையில், குளிரில் உட்கார்ந்து, பொருள் புரியாத பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. நானும் ஆசிரியைதான். மடத்துப் படிப்பையும் நவீனக் கல்வியையும் சேர்த்துத் தரும் பள்ளிகள் இதற்குத் தீர்வாகுமா?
மீனா, நாமக்கல்

அன்புள்ள மீனா,

ஆகும். லடாக்கின் லே நகரில், குஷோக் பகுலா ரின்போச்சே என்ற பௌத்தத் துறவியின் முயற்சியால் 1959இலேயே தொடங்கிய நிறுவனம் பௌத்தத் தத்துவத்தோடு கணிதம், அறிவியல், இந்தி, ஆங்கிலம் எல்லாம் சொல்லித்தருகிறது. குளிரை விடுங்கள், ஸ்பிதியில் அது எல்லாருக்கும்தான். ஆனால் ஒப்பிக்கிறார்கள் என்று நாமக்கல்லிலிருந்து ஒருவர் வருத்தப்படுவதா?

நீங்கள் பார்த்தது முதல் பாதி. மனப்பாடம் செய்த பிள்ளை அப்புறம் வாத முற்றத்துக்குப் போக வேண்டும். கர்நாடகத்தின் பைலகுப்பேயில் உள்ள சேரா என்ற திபெத்திய மடத்தில் ஒரு மாலை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கேட்பவன் நின்றுகொண்டு, காலைத் தரையில் ஓங்கி வைத்து, கைதட்டிக் கேட்பான். பதில் சொல்பவன் உட்கார்ந்திருப்பான். அவன் நீட்டி முழக்க முடியாது. 'ஒப்புக்கொள்கிறேன்', 'ஏன்?', 'காரணம் நிற்கவில்லை', 'அதிலிருந்து இது வராது', ஏறக்குறைய இவ்வளவுதான். ஆரம்பப் பாடமே நிறங்கள். "நிறமெல்லாம் சிவப்புதானா?" ஆமாம் என்றால் மாட்டினான். "அப்போ வெண்சங்கின் நிறம்?" அதுவும் நிறம்தான் என்றால் சிவப்பு என்றும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் முதலில் சொன்னதைக் கைவிட வேண்டும். இந்தத் தர்க்கத்துக்கு அடித்தளமிட்ட திக்நாகர் காஞ்சிப் பக்கத்துக்காரர் என்று திபெத்திய மரபே சொல்கிறது. நமக்குத்தான் நினைவில்லை.

உங்கள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அதிலிருந்து இது வராது" என்றால் என்ன செய்வீர்கள்? நான் படித்த பள்ளியில் அவனுக்கு அதிகப்பிரசங்கி என்று பேர். சீருடையையும் நோட்ஸையும்தான் அங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். கர்நாடகத்திலுள்ள பெரிய திபெத்திய மடங்கள் அறிவியலையும் பாடத்தில் சேர்த்திருக்கின்றன. நியூரானையும் பரிணாமத்தையும் அதே முற்றத்தில் கைதட்டிக் கேட்கட்டுமே! காலையில் சூத்திரம், மதியம் இங்கிலீஷ் பீரியட் என்று கூறு போட்டால் பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான்.

மனசு கேட்கவில்லை என்றீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மனசோடு அங்கே சிறுமிகள் எங்கே என்றும் தேடியிருக்கலாம். இந்தப் படிப்பின் உச்சம் கெஷே பட்டம். ஆண் துறவிகளுக்கு அது நூற்றாண்டுகளாக உண்டு. திபெத்திய, இமயமலைப் பிக்குணிகள் 20 பேர் முதன்முதலாகக் கெஷேமா, அதாவது பெண்களுக்கான கெஷே பட்டம் வாங்கியது 2016 டிசம்பரில்! கோபத்தை அங்கே காட்டுங்கள் அம்மா, நானும் சேர்ந்துகொள்கிறேன்.