'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' படத்தில் சர்ச்சையான அந்தப் படுக்கையறைக் காட்சிகளைத் தவிர அப்படி என்னதான் இருக்கிறது?

சாப்பாடு இருக்கிறது. உண்மையாகவே சொல்கிறேன். இரண்டு பெண்களின் காதல் எங்கே விரிசல் விட்டது என்பதை இந்தப் படம் சாப்பாட்டு மேசையில்தான் காட்டுகிறது.

கதை நடப்பது பிரான்சின் வடக்கே, லீல் நகரத்தில். அதேல் பள்ளி மாணவி. சாலையைக் கடக்கும்போது நீல முடியோடு எதிரே வரும் எம்மாவைப் பார்த்துத் தடுமாறிப் போகிறாள். எம்மா அவளைவிட மூத்தவள், ஓவியம் படிப்பவள். அதேல் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், அதிகம் பேசாமல் தட்டு நிறைய ஸ்பகெட்டி சாப்பிடுவார்கள். அங்கே எம்மாவை, தத்துவப் பாடத்தில் உதவி செய்யும் தோழி என்று சொல்லித்தான் உட்கார வைக்க முடிகிறது. ஓவியத்தை வைத்துப் பிழைக்க முடியுமா என்ற கேள்வி வருகிறது, தனக்கு ஒரு காதலன் இருப்பதாக எம்மா பொய் சொல்கிறாள். எம்மா வீட்டில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. மகளின் காதலி என்று தெரிந்தே வரவேற்று, ஆய்ஸ்டர் சிப்பி பரிமாறுகிறார்கள். அதேலுக்குச் சிப்பி பிடிக்காது, ஆனாலும் எம்மா சொல்லித்தரச் சொல்லித்தர விழுங்கக் கற்றுக்கொள்கிறாள்.

முதல் தடவை ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பில் பார்த்தபோது இதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. பின்னால் பள்ளி ஆசிரியையாகி எம்மாவோடு ஒரே வீட்டில் வாழும் அதேல், கூட வேலை செய்யும் ஒருவனோடு பழகினாள், எம்மா அவளை வீட்டைவிட்டு வெளியேற்றினாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கும் ஒரு காதல் வந்து போனது. அவர்கள் வீட்டு ஆட்கள் கூடிப் பேசும்போது எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது, தண்ணீர் எடுக்கிறேன் என்று சமையலறைக்குப் போய் நின்றுகொள்வேன். அதற்குப் பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தபோது எம்மாவும் அதேலும் நண்பர்களுக்கு வைக்கும் விருந்துக் காட்சியில் அழுதுவிட்டேன். எம்மாவின் நண்பர்கள் கிளிம்ட், ஷீலே என்று ஓவியர்களைப் பற்றி வாதம் செய்கிறார்கள், அதேல் தன் வீட்டு ஸ்பகெட்டியைச் சமைத்து எல்லோருக்கும் பரிமாறி, எல்லோரும் போன பிறகு பாத்திரமும் கழுவுகிறாள். நீ நன்றாக எழுதுகிறாய், எழுது என்று எம்மா அன்றிரவு சொல்கிறாள், இப்படி உன்னோடு இருப்பதே எனக்குப் போதும் என்கிறாள் அதேல். குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பதை அவ்வளவு ஆசையாகச் செய்கிறவளிடம், அது பற்றாது என்று அன்பாகச் சொன்னாலும் வலிக்கத்தான் செய்யும். துரோகம் அதற்கப்புறம் நடந்தது.

சர்ச்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூலக்கதையான கிராஃபிக் நாவலை 2010-இல் வெளியிட்ட ஜூல் மாரோவே அந்தப் படுக்கையறைக் காட்சிகளைக் கடுமையாக விமர்சித்தார். படப்பிடிப்பில் இல்லாமல்போனது லெஸ்பியன்கள்தான் என்று அவர் எழுதியது எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தக் காட்சிகள் மிக நீளம், வெளியிலிருந்து பார்க்கும் கண். இயக்குநர் கெஷீஷ் நடத்திய விதம் பற்றி இரண்டு நடிகைகளும் வெளிப்படையாகக் குறை சொன்னார்கள், அதையும் தள்ளிவிட முடியாது. 2013 கான் திரைப்பட விழாவில் ஸ்பீல்பெர்க் தலைமையிலான நடுவர் குழு, இயக்குநரோடு சேர்த்து அதேல் எக்ஸார்க்கோபூலோஸ், லெயா செய்தூ இருவருக்கும் விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கப்பனையைக் கொடுத்தது, அதற்கு முன் எந்த நடிகருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. பிரான்சில் ஒருபால் திருமணச் சட்டம் வந்து சில நாட்களே ஆகியிருந்தன, விருது அறிவித்த அதே நாளில் பாரிஸில் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பெரிய ஊர்வலம் போனது.

புத்தகத்தில் நாயகி இறந்துவிடுவாள். படத்தில் அவள் வாழ்கிறாள், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிரெஞ்சில் படத்தின் பெயரே 'அதேலின் வாழ்க்கை, அத்தியாயம் 1, 2' என்றுதான். கடைசியில் எம்மாவின் ஓவியக் கண்காட்சிக்கு நீல உடை உடுத்திக்கொண்டு போகிறாள், எம்மாவின் முடியில் இப்போது நீலம் இல்லை, பக்கத்தில் வேறொருத்தி இருக்கிறாள். அதேல் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து நடக்கிறாள். அன்றைய விருந்தில் அவளோடு அன்பாகப் பேசிய சமீர் தேடிக்கொண்டு ஓடிவருகிறான், ஆனால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறான்.